ஒட்டாவா குளிரில் இரண்டு பிள்ளைகளும் ஒரு தயிர் வாளியும்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் டிசம்பர் மூன்றாம் வாரம் சாயங்காலம் 4:20-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மதியம் கொஞ்சம் தாமதமாகத் தூங்கிய பிள்ளை கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே இருட்டுதான். அங்கிருந்து படுக்கப்போகும் வரை நாலு மணி நேரம் இருக்கிறது. அந்த நாலு மணி நேரம் என்ன செய்வது என்று நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தினமும் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வழி பிடிபட மூன்று குளிர்காலம் ஆயிற்று.

நான் திண்டுக்கல் பக்கம். எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போது உள்ளங்காலில் ஏறுகிற சில்லிப்பு. வெயில் ஏறினால் போய்விடும். 2019-ல் இங்கே வந்தபோது பெரியவனுக்கு இரண்டரை வயது. குளிர் என்பது கதவுக்கு வெளியே நிற்கிற ஆபத்து, அதனிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று நினைத்தேன். ஹீட்டரைக் கூட்டி வைத்து, திரையை இழுத்து மூடி, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அவன் சோபாவிலிருந்து குதித்தான், சுவரில் கிறுக்கினான், காரணமில்லாமல் அழுதான். நானும் ஒன்றிரண்டு நாள் அழுதிருக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னாலேயே கைவேலைப் பெட்டிகளாக வாங்கிக் குவித்தேன். வெட்டி வைத்த பனிமனிதன், ஒட்டுவதற்குக் கண்கள், மின்னும் தூள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் செய்து முடித்த உருவத்தின் படம் இருக்கும். அங்கேதான் கோளாறு. மூன்று வயதுப் பிள்ளையின் கையால் அந்தப் படத்தைப் போலச் செய்ய முடியாது. கண் கோணலாக ஒட்டியதும் அவன் படத்தைப் பார்ப்பான், தன்னுடையதைப் பார்ப்பான், "நீயே செய்ம்மா" என்று நகர்ந்துவிடுவான். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். மின்னும் தூள் மட்டும் மே மாதம் வரை கம்பளத்தில் கிடந்தது.

எல்லாம் மாறியது 2022 ஜனவரி 17 அன்று. தொற்றுக்காக வீட்டிலிருந்தே நடந்த வகுப்புகள் முடிந்து, எங்கள் ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய திங்கட்கிழமை அது. பெரியவன் முந்தின ராத்திரியே பையை மாட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தான். விடிந்தால் பெரும் பனிப்புயல். அன்று ஒட்டாவாவில் விழுந்தது 40 சென்டிமீட்டருக்கு மேல். பள்ளி வண்டிகள் ரத்து. பையை மாட்டியபடி கதவருகே நின்று அழுதவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் வீடு மூன்றாம் மாடி. பால்கனிக் கதவைத் திறந்து பார்த்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி குவிந்திருந்தது. துணி அலசுகிற வாளியில் அதை அள்ளிக்கொண்டு வந்து குளியல் தொட்டியில் கொட்டினேன். மூன்று வாளி. அவனிடம் ஒரு கரண்டி, இரண்டு டம்ளர், ஒரு இட்லித் தட்டு. சின்னவளுக்கு அப்போது இரண்டு வயது ஆகவில்லை. அவளுக்கு ஒரு மரக்கரண்டி.

அந்தக் காலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இரண்டு பேரும் தொட்டியை விட்டு நகரவில்லை. இட்லித் தட்டில் பனியை அமுக்கி அமுக்கி அவன் இட்லி ஊற்றினான். அவள் அதைக் கரண்டியால் இடித்தாள். அவன் கோபப்படாமல் மறுபடி ஊற்றினான், ஏனென்றால் பனி தீரவே இல்லை. சாப்பிட வைத்துத் தூங்கவைத்துவிட்டேன், மிச்சத்தை வாளியில் அள்ளி வைத்ததோடு சரி. எழுந்து வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தவன் கத்தினான்: "யார் என் ஸ்னோவைக் குடிச்சது?" வாளி நிறைய இருந்தது அடியில் கொஞ்சம் தண்ணீராக நின்றது.

மறுநாள் வாளியில் நிறம் மாற்றி மாற்றி டேப் ஒட்டினோம். மேலே சிவப்பு டேப், பனி இருந்த அளவு. கீழே எங்கே நிற்கும் என்று அவன் ஒரு டேப் ஒட்டினான், அப்பா ஒன்று, நான் ஒன்று. பொதுவாக பத்து சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது கணக்கு. ஈரப்பனி என்றால் கூட நிற்கும், பஞ்சு மாதிரி உதிர்ந்தால் இன்னும் குறையும். அள்ளும்போது அமுங்கிவிடுவதால் வாளியில் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. அவன் ஒட்டிய டேப் பாதி வாளியில் இருந்தது, தண்ணீர் அதற்கு வெகு கீழே. அடுத்த ஒரு வாரம் தினமும் ஒரு வாளி. நாலாம் நாள் அவன் டேப்பை மிகச் சரியாகக் கீழே ஒட்டினான். யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நான் எதைக் கதவுக்கு வெளியே நிறுத்தப் பார்த்தேனோ அதுதான் இந்த ஊர் எங்களுக்குச் சும்மா தருகிற விளையாட்டுப் பொருள். அதற்குப் பெட்டி கிடையாது, பெட்டிமேல் படமும் கிடையாது. என்ன ஆகும் என்று பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் "நீயே செய்" என்று அவன் சொல்லவே இல்லை.

தொட்டிப் பனிக்குச் சில விஷயங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலையோரப் பனி வேண்டாம், அதில் உப்பும் அழுக்கும் கலந்திருக்கும். கம்பளிக் கையுறை நனைந்தால் வெறுங்கையைவிட மோசம், தண்ணீர் புகாத கையுறை இருந்தால் போடலாம். வெறுங்கையோடுதான் தொடுவேன் என்றால் சரி, பக்கத்தில் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். விரல் சிவந்ததும் அதில் முக்கிக்கொள்ளட்டும். சுடுதண்ணீர் கூடாது, மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. தரையில் பழைய துண்டு. மாற்றுத்துணியை ஹீட்டர் பக்கத்தில் போட்டு வைத்தால் உடுத்தும்போது பிள்ளை முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

அடுத்து வந்தது உறைந்த டைனோசர். கேக் தட்டில் தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக் மிருகங்களைப் போட்டு ராத்திரி பால்கனியில் வைத்துவிட்டால் காலையில் கட்டி தயார். காப்பாற்றுவது பிள்ளைகள் வேலை. ஒரு கிண்ணத்தில் கல் உப்பு, ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், இருமல் மருந்தோடு வந்த ஊசியில்லாத சிரிஞ்சு. உப்புத் தூவிய இடத்தில் பனிக்கட்டி குழி விழுந்து உள்ளே சுரங்கம் போகும். அந்தச் சுரங்கத்தில் கலர் தண்ணீரை விட்டால் நரம்பு மாதிரி ஓடும். சாலையில் லாரி ஏன் உப்புப் போடுகிறது என்று அதுவரை நூறு முறை கேட்டவன் அதற்கப்புறம் கேட்கவில்லை. ஒரே எச்சரிக்கை: உப்பும் பனிக்கட்டியும் கலந்தால் அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கிவிடும். அதைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தால் தோல் புண்ணாகும். தூவலாம், பிடிக்கக் கூடாது. இதை விளையாட்டு தொடங்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி விளக்கு. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் குளிர்காலம் என்றால் இதுதான்.

இந்தியக் குடும்பங்கள் இங்கே தயிரைப் பெரிய பிளாஸ்டிக் வாளியில்தான் வாங்கும். காலி வாளிகளை என்ன செய்வதென்று தெரியாமல் அடுக்கி வைத்திருந்தேன். மைனஸ் 15 என்று ஒரு ராத்திரி போன் காட்டியது. ஒரு வாளியில் விளிம்புக்கு இரண்டு விரல்கடை விட்டுத் தண்ணீர் நிரப்பி, எட்டு மணிக்கு பால்கனிப் பனிமேல் வைத்தோம். தண்ணீர் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் முதலில் உறையும். காலை ஆறரைக்கு உள்ளே எடுத்து வந்தால் வாளி கனமாக, பார்வைக்கு முழுக்கக் கட்டியாக இருந்தது. ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம். பெரியவன் காதை வாளியில் வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள உயிர் இருக்கும்மா" என்றான். வாளியின் வெளிப்பக்கம் குழாய்த் தண்ணீரைக் காட்டி, தட்டில் கவிழ்த்தோம். சர்ரென்று வழுக்கி விழுந்தது கட்டி. அடிப்பக்கம் மெல்லிய கண்ணாடி மாதிரி இருந்தது. கரண்டிக் காம்பால் தட்டினால் உடைந்து, உள்ளே உறையாமல் இருந்த தண்ணீர் கொட்டியது. மிஞ்சியது ஒரு கிண்ணம். சுவர் இரண்டு விரல் கனம், நடுவில் குழி. அந்தக் குழியில் விளக்கை வைத்தால் கட்டி முழுவதும் மஞ்சளாக ஒளி ஏறும். உறையும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் கோடு கோடாக மின்னும்.

நேரம்தான் இதில் கணக்கு. மைனஸ் 15-ல் எங்களுக்குப் பத்து மணி நேரம் சரியாக வந்தது. மைனஸ் 8 என்றால் ஒரு ராத்திரி போதாது. மைனஸ் 25-ல் அவ்வளவு நேரம் விட்டால் முழுக்க உறைந்துபோய்க் குழியே இருக்காது. அலம்பும் சத்தம் கேட்கும்போது எடுத்துவிட வேண்டும். ஆரஞ்சு வட்டம், மாதுளை முத்து, எலுமிச்சைத் துண்டு எதையாவது உள்ளே வைக்க ஆசைப்பட்டால் சும்மா போட்டால் எல்லாம் மேலே மிதந்துவிடும். முதலில் அடியில் கொஞ்சம் தண்ணீரில் அவற்றை உறைய விட்டு, பிறகு மிச்சத் தண்ணீரை ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீராக இருக்கட்டும்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். அழகாக இருக்குமென்று ஒருமுறை கண்ணாடி ஜாடியில் ஊற்றி மூடியும் போட்டு வைத்தேன். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும். காலையில் ஜாடி வெடித்துக் கிடந்தது. பனிக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பால்கனியில் அந்த மூலைப் பனி முழுவதையும் அள்ளி மூட்டைகட்டிப் போடும் வரை பிள்ளைகளை வெளியே விடவில்லை. பிளாஸ்டிக் வாளியைத் தவிர வேறு எதிலும் இதைச் செய்யாதீர்கள். அப்புறம், அடுக்குமாடிகளில் பால்கனியில் நெருப்பு வைக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தில் இல்லை. பேட்டரி விளக்குதான் வைக்கிறோம், அதையே பிள்ளைகள் தாங்களாக ஏற்றவும் முடிகிறது.

அந்த வருஷம் நவம்பரில் அம்மா ஊரிலிருந்து வந்தார். வந்த இரண்டாம் நாளே என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, பிள்ளைகளைக் கூண்டுக்குள்ள வச்ச மாதிரில்ல வச்சிருக்க" என்றார். பனி வாளி, உப்பு, விளக்கு எல்லாம் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்தார். மார்கழி பிறந்த அன்று காலையில் குரங்குத் தொப்பி, என் வீட்டுக்காரரின் ஜாக்கெட், இரண்டு சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, கையில் அரிசிமாவோடு பால்கனிக் கதவருகே நின்றார்.

வெள்ளைப் பனியில் வெள்ளை மாவு தெரியவில்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உள்ளே வந்து, பீட்ரூட்டைச் சீவி வேகவைக்கச் சொன்னார். மஞ்சளைத் தண்ணீரில் கரைத்தார். இரண்டையும் தக்காளி சாஸ் தீர்ந்த அமுக்கு பாட்டில்களில் நிரப்பினோம். அவசரத்தில் சூடு ஆறாமல் ஊற்றியதால் பீட்ரூட் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் பனி ஓட்டையாகி உள்ளே இறங்கிவிட்டது. ஆறவைத்து, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்துவிட்டு வந்தோம். சப்பாத்திப் பலகையால் பனியை அமுக்கிச் சமன் செய்தார். மரக்கரண்டிக் காம்பால் புள்ளி குத்தினார், ஐந்து வரிசை. பெரியவனை மடியோடு அணைத்து அவன் கையைப் பிடித்து, புள்ளியைச் சுற்றி விரலால் வாய்க்கால் மாதிரி இழுத்தார். அந்த வாய்க்காலில் அவன் பாட்டிலை அமுக்கிக்கொண்டே போனான். சுழி வரும் இடங்களில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் முடித்தபோது மஞ்சளும் சிவப்புமாக ஒரு சிக்குக் கோலம், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அப்படியே உறைந்து நின்றது.

அது ஒரு வாரம் நின்றது. தினமும் காலையில் பல் தேய்க்கும் முன் இரண்டு பேரும் போய்க் கோலத்தைப் பார்ப்பார்கள். "ஊர்ல ஒம்பது மணிக்கு வண்டி ஏறி அழிஞ்சிரும் சாமி. இங்க பாரு, நீ போட்டது எத்தன நாளா நிக்குது" என்று அம்மா சொல்லுவார். அடுத்த பனி விழுந்து மூடியபோது சின்னவள் அழுதாள். "அழாத தங்கம், அம்மாச்சி நாளைக்கு வேற போடறேன்" என்று சொன்னதோடு அது நாள்தோறும் ஒரு வேலையாகிவிட்டது. பொங்கலன்று கட்டடத்துக்கு முன்னால் தரையிலேயே பெரிதாகப் போட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பாட்டிலோடு வந்தார்கள். கனடாவில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடுகிறார்கள்; பெரியவன் அந்தக் கோலத்தின் படத்தை எடுத்துக்கொண்டு வகுப்பில் காட்டினான். பீட்ரூட் சாயம் ஜாக்கெட்டில் பட்டால் லேசில் போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மஞ்சளும் அப்படித்தான்.

மஞ்சள் என்றதும் இன்னொன்று. புது வருஷத்தன்று ஆரத்தி எடுக்க அம்மா மஞ்சள் கரைத்தார். சுண்ணாம்பு இல்லை. சமையல் சோடா இருந்தால் போதும் என்று நான் ஒரு சிட்டிகை போட்டேன். மஞ்சள் தண்ணீர் கண்முன்னே செக்கச் செவேலென்று மாறியது. பெரியவன் தட்டை விட்டு நகரவில்லை. "மறுபடி, மறுபடி." அதிலிருந்து ஒரு ஓவிய விளையாட்டு வந்தது, சாயங்கால இருட்டுக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. காபி வடிகட்டும் வெள்ளைத் தாளை மஞ்சள் தண்ணீரில் முக்கி ஹீட்டர் பக்கத்தில் காயவையுங்கள். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக் காற்று அவ்வளவு வறட்சி, அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை சோடாத் தண்ணீரில் தொட்டு அதன்மேல் வரைந்தால் சிவப்புக் கோடு விழும். அதே கோட்டில் எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகும். எழுதலாம், அழிக்கலாம். பெரியவன் அ எழுதப் பழகியது இந்தத் தாளில்தான். மேசையில் பழைய போர்வை விரித்துக்கொள்ளுங்கள், வெள்ளைக் கல் மேடை என்றால் இன்னும் கவனம்.

அதே வட்டத் தாளை மடித்தால் பனிப்பூ வெட்டலாம். சாதாரண வெள்ளைத் தாளை மடிக்க மடிக்கக் கனம் ஏறி, பிள்ளைகளின் கத்தரிக்கோல் ஏறாது. காபித் தாள் மெலிது, ஏற்கெனவே வட்டம். பாதியாக மடித்து, அதை மூன்றாக மடித்தால் பிரிக்கும்போது ஆறு கிளை வரும். ஆறுதான் வர வேண்டும், உண்மையான பனித்துகளுக்கும் அப்படித்தான். இதைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கறுப்புத் துணி ஒன்றைப் பால்கனியில் கால் மணி நேரம் குளிர விட்டு, பனி விழும்போது அதில் ஏந்தி உருப்பெருக்கியால் பாருங்கள். மூச்சு படக் கூடாது, பட்டால் போயிற்று. எல்லா நாளும் அழகாக வராது. மேகத்துக்குள் மைனஸ் 15 சுற்றிக் குளிர் இருக்கும்போதுதான் அந்தப் பெரிய கிளைவிட்ட பூக்கள் உருவாகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். அங்கே ஜெரிகோ என்ற ஊரில் விவசாயம் செய்துகொண்டிருந்த வில்சன் பென்ட்லி 1885-ல் தன் முதல் பனித்துகள் படத்தை உருப்பெருக்கி வழியாக எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கு மேல் எடுத்தார். இந்தக் கதையைச் சொன்ன ராத்திரி பெரியவன் தன் சட்டைக்கையை நீட்டிக்கொண்டு பால்கனியை விட்டு உள்ளே வர மறுத்தான்.

கம்பளி நூல் வேலையையும் அம்மாதான் கொண்டு வந்தார். விரலாலேயே பின்னுகிற சங்கிலித் தையலை நான் ஒரு வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன், வரவில்லை. அம்மா நூலை வாங்கி விரலில் ஒரு சுற்று சுற்றி, உள்ளே விட்டு இழுத்தார். "பூக் கட்டுற மாதிரிதான், முடிச்சு மட்டும் இறுக்காத" என்றார். ஐந்து வயதுக்காரன் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டான். ஊசி இல்லை, முள் இல்லை, மெத்துமெத்தென்ற தடித்த நூலும் ஒரு விரலும் போதும். அவன் பின்னிய சங்கிலி கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரை நீண்டது. அதை என்ன செய்வதென்று நான் கேட்கவே இல்லை, அவனும் யோசிக்கவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் அதைக் கழுத்தில் பத்துச் சுற்று சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

மாவு விளையாட்டு எல்லா வீட்டிலும் நடப்பதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு கப் தண்ணீர். அடுப்பில் வைத்துக் கிண்டினால் உருண்டு வரும். ஆறியதும் பிசைந்து இறுக மூடி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். இதற்கென்று அச்சு வாங்க வேண்டாம், பழைய முறுக்கு அச்சு ஒன்று போதும். முள்ளு முறுக்கும் ஓமப்பொடியும் பிழிந்து தள்ளுவார்கள். ஒரு விஷயத்தை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். குளிரில் பிள்ளைகளின் புறங்கை வெடித்திருக்கும், உப்பு மாவு பட்டால் எரியும். சின்னவள் மாவைக் கண்டாலே கையை இழுத்துக்கொண்டது அதனால்தான். முதலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மாவைக் கொடுங்கள். எண்ணெய்ப் பாட்டில் இங்கே நவம்பரில் கட்டியானால் கோடையில்தான் இளகும். கையில் வைத்துத் தேய்த்து உருக்குவதும் அவர்களுக்கு ஒரு வேலைதான்.

முட்டை அட்டையில் பல்லாங்குழியும் செய்தோம். பன்னிரண்டு குழிதான் இருக்கும், வேறு அட்டையிலிருந்து இரண்டை வெட்டி ஒட்டிப் பதினான்காக்கினோம். புளியங்கொட்டைக்குப் பதில் கொண்டைக்கடலை. இங்கேதான் நான் பயந்துபோன நாள் வந்தது. ஒரு நிமிஷம் அடுப்பைப் பார்க்கப் போனேன். சின்னவள் ஒரு கடலையை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். நாங்கள் எடுக்க முயன்றிருந்தால் இன்னும் உள்ளே போயிருக்கும்; ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். ஊறினால் கடலை பெருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கழிவறைத் தாள் சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. பல்லாங்குழி சின்னவள் தூங்கும் நேரத்துக்கு மாறியது. பலூனில் கலர் தண்ணீர் ஊற்றி உறையவைக்கும் வேலையையும் அத்தோடு விட்டேன். கிழிந்த ரப்பர்த் துண்டு தொண்டையில் சிக்கினால் கடலையைவிட மோசம். போராக்ஸ் பொடியில் படிகம் வளர்ப்பதைப் பலர் செய்கிறார்கள், கையை வாயில் வைக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் வேண்டாம். கற்கண்டு வளர்த்தோம். மெதுவாகத்தான் வளரும், ஆனால் தின்னலாம்.

வெளியே போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்றோடு சேர்ந்து உணரும் குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறையக்கூடும் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. அந்த நாட்களில் நாங்கள் போவதில்லை. மற்ற நாட்களில் இருபது நிமிஷமாவது போகிறோம். உடுத்தும் வரிசை முக்கியம்: முதலில் கழிவறை, அப்புறம் பனிக்கால்சட்டை, பூட்ஸ், கழுத்துத் துணி, தொப்பி, ஜாக்கெட், கடைசியாகக் கையுறை. முந்தின ராத்திரியே இதே வரிசையில் தரையில் பரப்பி வைத்தால் பிள்ளை தானே போட்டுக்கொள்ளப் பழகும். சின்னவள் நாலு வயதில் பழகினாள்.

அம்மா இருந்த அந்தக் குளிர்காலம் கொஞ்சம் விசித்திரமானது. ஊரே சறுக்கப் போகிற ரிடோ கால்வாயின் 7.8 கிலோமீட்டர் பனித்தளம், அரை நூற்றாண்டில் முதல் முறையாக அந்த வருஷம் திறக்கவே இல்லை. பனிக்கட்டி போதிய கனம் பிடிக்கவில்லை. எங்கள் வாளி விளக்குகளும் பல ராத்திரி நீர்த்துப்போயின. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்பாங்க, பொறுத்துக்க" என்று அம்மா சொன்னார். பிப்ரவரி முதல் வாரத்தில் கடுங்குளிர் இறங்கியது. பிள்ளைகளைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நிறுத்திவிட்டு நான் மட்டும் பால்கனிக்குப் போனேன். ஒரு கப் தண்ணீர், மூன்று கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு, இரண்டு கரண்டி சர்க்கரை, ஃபிரிட்ஜில் குளிரவைத்தது. உறிஞ்சுகுழலால் ஒரு குமிழியை மெல்ல ஊதிப் பனிமேல் இறக்கினேன். மைனஸ் 15-க்குக் கீழே, காற்றில்லாத நேரத்தில்தான் இது நடக்கும். குமிழியின் அடியிலிருந்து வெள்ளை இறகு ஒன்று கிளம்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இறகுகள் மேலேறி ஒன்றையொன்று தொட்டு, பத்து விநாடியில் குமிழி முழுவதும் பூப்போட்ட கண்ணாடி உருண்டையாகிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று முகங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. நடுவில் இருந்தது அம்மா.

பெரியவனுக்கு இப்போது எட்டு வயது. வாளி விளக்கு அவன் பொறுப்பு, தங்கைக்கு அலம்பும் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லித் தந்துவிட்டான். அம்மா இந்த முறை வர முடியவில்லை, முட்டி வலி. கோலத்தை வீடியோவில் பார்த்துப் புள்ளி எண்ணிச் சொல்கிறார். நேற்று ஒரு தயிர் வாளி காலியானது. சின்னவள் அதைக் கழுவி, துடைத்து, பால்கனிக் கதவருகே கவிழ்த்து வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை மைனஸ் 14 என்று போட்டிருக்கிறது.